நான்காம் வகுப்பு லம்பாம் மீன்கள்

“டீச்சர், தொரை செத்துட்டாரு.”

சொன்னவள் தனலெட்சுமி. வகுப்பில் எல்லாருக்கும் தனம். கையில் சூசு டின்னோடு, அதாவது காலிப் பால் டின்னோடு, கண்ணாடித் தொட்டியின் பக்கத்தில் நின்றாள். நான் கரும்பலகையில் தேதி எழுதிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது தொரை மல்லாந்து கிடந்தார், வெள்ளை வயிறு மேலே தெரிய.

பயந்துவிடாதீர்கள். தொரை என்பது ஒரு லம்பாம் மீன். தொட்டியிலேயே பெரியது, யாருக்கும் வழிவிடாமல் நீந்தும் என்பதால் ரப்பர் தோட்டத்து மேலாளர் துரையை நினைத்துப் பிள்ளைகள் வைத்த பெயர். அடுத்தவர் இலையைப் பிடுங்கித் தின்னும் மீனுக்கு ஆபீசு குமாஸ்தாவை நினைத்துக் கிராணி என்று பெயர். ஓரமாகச் சுற்றிக்கொண்டு, வேலையாட்களை மேய்க்கும் கங்காணி மாதிரி எல்லாரையும் விரட்டுவது மண்டோர். அந்தக் காலையில் கிராணியும் மண்டோரும் தண்ணீருக்கு மேல் வாயை வைத்துக் காற்றை மென்றுகொண்டிருந்தார்கள். செவுள் இரண்டும் இரத்தச் சிவப்பு.

தனம் டின்னால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினாள். மறுபடி மொண்டாள், மறுபடி ஊற்றினாள். அவள் சட்டையின் முன்பக்கம் முழுக்க நனைந்துவிட்டது. ஒன்பது மணிக்குள் முப்பது மீனும் போய்விட்டன. பத்து மணிக்குத் தமிழ்ப் பள்ளிகளின் மேற்பார்வையாளர் வருவதாக இருந்தது.

சென்ற வாரம், முதல் மேடைப் பேச்சில் நான் மயங்கி விழுந்த கதையைப் படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்ததாகச் சில வாசகர்கள் எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். இந்த வாரம் சிரிக்க அதிகம் இல்லை. இதை எழுதாமலே இந்தத் தொடரை முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். மனசு கேட்கவில்லை.

மூக்கு மரத்துப்போன கதை

எழுபதுகளின் கடைசிப் பக்கம். சிலிம் ரிவர் ஊருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாகப் போய்ச் சேர்ந்தேன். நான் ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள். கான்வென்ட்டில் படித்தவள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் குதிகால் செருப்பு போட்டுக்கொண்டு போகிறவள். தோட்டத்துச் செம்மண்ணில் முதல் நாளே ஒரு செருப்பின் குதிகால் புதைந்து பிய்ந்து வந்தது.

முதல் வாரம் சோறு இறங்கவில்லை. காரணம் நாற்றம். மரத்தில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பால் நாற்றம் ஒரு பக்கம். ஸ்டோர் நாற்றம் ஒரு பக்கம். ரப்பர்ப் பாலை உறைய வைத்து, தகடாக்கி, புகை போடுகிற தொழிற்சாலைக்குத் தோட்டத்து மக்கள் வைத்த பெயர்தான் ஸ்டோர். இதற்கெல்லாம் மேலே மருந்து நாற்றம். மருந்து என்றால் அமோனியா. மழைக்காலத்தில் வெட்டிய பால் ஸ்டோருக்குப் போவதற்குள் வாளியிலேயே கட்டிப்போகாமல் இருக்க அதை நாலு சொட்டு விடுவார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில், வரிசை வீடுகள் இருந்த லயத்தில், பிள்ளைகளின் சட்டையில், எங்கும் அந்த வாடை.

கைக்குட்டையில் ஓடிகோலான் தெளித்து மூக்கில் வைத்துக்கொண்டு பாடம் நடத்தினேன். பிள்ளைகள் எனக்குச் ‘சளி டீச்சர்’ என்று பெயர் வைத்தார்கள். இரண்டு மாதத்தில் மூக்கு மரத்துவிட்டது. பிறகு எந்த நாற்றமும் எனக்குத் தெரியவில்லை. தோட்டத்துக்குப் பழகிவிட்டேன் என்று பெருமையாக இருந்தது.

பஸ்ஸில் வந்த முப்பது பேர்

வகுப்புக்கு ஒரு இயற்கை மூலை இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. மற்ற ஆசிரியர்கள் ஜாடியில் மணிப்பிளாண்ட் வைத்தார்கள். எனக்கு அது போதவில்லை. நான் செய்தால் ஊர் பேச வேண்டும். என் சுபாவம் அப்படி.

பள்ளிக்குப் பின்னால் ஒரு சின்ன ஆறு ஓடியது. ஆறு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். முழங்கால் அளவுத் தண்ணீர். பிள்ளைகள் அதில் எதை வேண்டுமானாலும் எறிவார்கள். பெரியவர்களும் அப்படித்தான். இந்தப் பிள்ளைகள் ஒரு மீனைக் கையில் வைத்து வளர்த்தால் அது போய் வாழப்போகும் தண்ணீரில் குப்பையைப் போட மனசு வருமா என்று யோசித்தேன். குஞ்சுகளை வகுப்பில் வளர்ப்பது, விரல் நீளம் வந்ததும் ஆற்றில் விடுவது, விட்ட பிறகு ஆற்றைப் பார்த்துக்கொள்வது. இதுதான் திட்டம். யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. நானே யோசித்தது என்பதில் கர்வம் வேறு.

மீன் இலாகாவில் எடுபிடி வேலை பார்த்த என் மாமன் மகன், பிளாஸ்டிக் பையில் காற்று அடைத்து முப்பது லம்பாம் குஞ்சுகளைக் கொடுத்தான். ஈப்போவிலிருந்து மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கம்பாரில் ஏறிய ஒரு சீனப் பாட்டி பையை உற்றுப் பார்த்தார். இவ்வளவு சின்னது சூப்புக்குக்கூட ஆகாதே என்று மலாயில் எனக்காக வருத்தப்பட்டார்.

பள்ளியில் பகலில் மின்சாரம் கிடையாது. தோட்டத்து இஞ்சின் சாயங்காலம்தான் ஓடும். தொட்டிக்குக் காற்று விடும் கருவி போட வழியில்லை. அதனால் ஒரு ‘டூட்டி’ போட்டேன். அரை மணிக்கு ஒருவர் எழுந்து போய், சூசு டின்னால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து இருபது தடவை ஊற்ற வேண்டும். கணக்குப் பாடம் நடக்கும், மலாய்ப் பாடம் நடக்கும், பின்னால் சளசளவென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். தலைமையாசிரியருக்கு அந்தச் சத்தம் கேட்டால் உடனே மூத்திரம் வரும் என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

லம்பாம் இலை தின்னும் மீன். பிள்ளைகள் காலையில் மரவள்ளி இலையும் கங்கோங் கீரையும் பறித்து வருவார்கள். முழு வகுப்பும் இலை கொண்டுவந்ததில் லயத்துப் பக்கம் மரவள்ளிச் செடிகள் மொட்டையாகிப் பெண்கள் என்னைத் திட்டினார்கள்.

தண்ணீர் மட்டும் ஆற்றுத் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும் என்றேன். எந்த ஆற்றில் வாழப்போகிறதோ அந்தத் தண்ணீரில் வளரட்டும். துருப்பிடித்த பள்ளிக்கூடத் தகர வாளியில் மொண்டு வருவார்கள். மூன்று மாதம் ஒரு மீன்கூடச் சாகவில்லை.

மாஜோங் தாளில் ஓடிய ஆறு

ஒரு சனிக்கிழமை வகுப்பையே ஆற்றோரம் நடத்திக் கூட்டிப்போனேன். மேலே குன்றில் பாறைக்கு நடுவே கசிகிற இடத்திலிருந்து, கீழே சிலிம் ஆற்றில் சேருகிற பாலம் வரைக்கும். திரும்பி வந்து நாலு பெரிய மாஜோங் தாளை ஒட்டி அந்த ஆற்றை வரைந்தோம். எங்கே மரம் வெட்டினார்கள், எங்கே குளிப்பார்கள், எங்கே குப்பை கொட்டுவார்கள், எல்லாம் அதில் இருந்தது.

நம்ம தண்ணீர் சிலிம் ஆற்றுக்குப் போகும், அங்கிருந்து பெர்ணம் ஆற்றுக்கு, அப்புறம் கடலுக்கு என்றேன். தனம் கை தூக்கினாள்.

“அப்ப நாம இங்க துப்புனா கடல்ல இருக்கிறவங்களுக்குப் போவுமா டீச்சர்?”

“போகும்.”

அவள் அன்றிலிருந்து ஆற்றில் துப்பவில்லை. அது மட்டுமல்ல, துப்புகிறவர்களையும் விடவில்லை. வயசு பத்து. பெரிய ஆட்களைப் பார்த்து “அண்ணே, சுங்கையில துப்பாதீங்க லா, டீச்சர் சொல்லிருக்காங்க” என்பாள். சுங்கை என்றால் மலாயில் ஆறு. டீச்சர் சொன்னால் அது வேதவாக்கு அவளுக்கு. எனக்கு அவள்மேல் கொள்ளைப் பிரியம். அவள் முகத்தில் நான் தெரிந்தேன், அதனால்தான் அந்தப் பிரியம் என்று இப்போது புரிகிறது.

அந்தத் தாளில் ஸ்டோருக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு வட்டம் இருந்தது. கழிவுத் தண்ணீர்க் குளம். பால் உறைய வைத்த புளித்த தண்ணீரைத் தெளியும்வரை அதில் தேக்கி வைத்து, பிறகு பலகைக் கதவைத் திறந்து ஆற்றில் விடுவார்கள். தெளியாமல் விட்டால் ஆறு மூன்று நாளைக்கு வெள்ளையாக ஓடும். அதற்கு முந்திய வருஷம் ஒருமுறை அப்படி ஓடி மீனெல்லாம் செத்து மிதந்ததாம். கழிவுத் தண்ணீரைப் பற்றி அரசாங்கம் அப்போதுதான் கண்டிப்பாக இருக்கத் தொடங்கியிருந்தது. தோட்டத்தை நடத்திய துரைக்கு உள்ளுக்குள் பயம் இருந்தது.

கதவைப் பார்த்துக்கொண்ட ஆள் கோவிந்தன். தனத்தின் அப்பா.

கோவிந்தன்

நல்ல உயரம். வெற்றிலை வாய். மாலையானால் கள்ளுக்கடையில் ஒரு மங்கு கள். தோட்டத்தில் அது பெரிய குற்றமில்லை. எனக்குத்தான் குற்றமாகப் பட்டது.

நாங்கள் ஆற்றோரம் நடந்த அன்று குளத்தருகே எங்களை நிறுத்தி விசாரித்தார்.

“என்ன டீச்சர், லம்பாம் வளக்கிறதுக்கு ஒரு கிளாஸா? பொரிச்சுத் திங்கிற மீனுக்கு ஏ பி சி டி சொல்லித் தரீங்களா?”

பிள்ளைகள் சிரித்தார்கள். தனமும் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. எதற்கு இதை எழுதுகிறேன் என்றால், அவர்மேல் எனக்கு முன்பே ஒரு கறுவல் இருந்தது என்பதை மறைக்கக்கூடாது.

பளபளவென்று ஒரு வாளி

மேற்பார்வையாளர் வருகிறார் என்ற செய்தி வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. என்னை நிரந்தரமாக்கச் சிபாரிசு எழுத வேண்டியவர் அவர்தான். முந்திய நாள் வகுப்பைக் கழுவச் சொன்னேன். தொட்டிக் கண்ணாடியைத் துடைக்கச் சொன்னேன். தொட்டித் தண்ணீர் பச்சை பூத்திருந்தது. பாதியை இறைத்துவிட்டுக் காலையில் புதிதாக ஊற்றலாம் என்று முடிவு செய்தேன். அந்தத் துருத் தகரம் கண்ணில் பட்டதும் கோபம் வந்தது.

“இதை யாராச்சும் பார்த்தா நம்ம பள்ளிக்கூடத்தைப் பத்தி என்ன நினைப்பாங்க? நாளைக்கு நல்ல பால் வாளியா ஒண்ணு கொண்டு வாங்க. ஸ்டோர்ல பால் ஊத்துற வாளி மாதிரி சுத்தமா கழுவி இருக்கணும். தெரியுதா?”

“எங்கம்மாகிட்ட இன்னொரு வாளி இருக்கு டீச்சர். நான் கழுவிக் கொண்டு வாரேன்” என்றாள் தனம்.

மறுநாள் விடிந்து வெளிச்சம் வந்ததுமே அவள் ஆற்றில் மொண்டு தொட்டியை நிரப்பிவிட்டாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. வாளியும் பளபளத்தது. அவளைத் தட்டிக்கொடுத்தேன்.

பிறகு நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நான் சொன்ன ஒரு வாக்கியம்

மேற்பார்வையாளர் பத்து மணிக்கு வந்தார். நல்ல மனிதர். மேசைமேல் செய்தித்தாளில் முப்பது மீனையும் வரிசையாக வைத்திருந்தோம். சில பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தார்கள். என்ன ஆச்சு என்று கேட்டார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. மாஜோங் தாளில் கறுப்பு வட்டத்தைப் பிரம்பால் தட்டிக் காட்டினேன். ஸ்டோர்க் கழிவைத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“கதவைப் பார்த்துக்கிற ஆளு கள்ளுக்கடையே கதின்னு கிடந்தா மீன் எப்படி ஐயா பிழைக்கும்?”

அவர் சிரித்துவிட்டார். நல்லா பேசுறீங்க டீச்சர் என்றார். எனக்கு மனசு குளிர்ந்தது. இரண்டாம் வரிசையில் தனம் ஈரச் சட்டையோடு உட்கார்ந்திருந்தாள். அவளை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் நிறுத்தியிருப்பேனா என்று தெரியாது.

அன்று மத்தியானம் அவர் மரியாதைக்குத் துரையைப் போய்ப் பார்த்தார். பேச்சோடு பேச்சாக மீன் விஷயத்தையும் சொல்லியிருக்கிறார். வெளியாள் ஒருவர் வாயிலிருந்து கேட்டதும் துரைக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு ஆள் தேவைப்பட்டது. வெள்ளிக்கிழமை கோவிந்தன் கையில் நோட்டீசு.

தோட்டத்தில் வாழாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே வேலை போனால் வீடும் போகும். லயத்து வீடு வேலைக்காகக் கொடுத்தது. கோவிந்தனின் மனைவி அஞ்சலை பால் வெட்டுகிறவர். வீடு புருஷன் பெயரில். அடுத்த வியாழக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு.

எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் தப்பு செய்தவன் அனுபவிக்க வேண்டியதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இன்னும் பத்துக் குஞ்சுகள்

திங்கட்கிழமை ஈப்போவிலிருந்து திரும்பும்போது பத்துக் குஞ்சுகள் கொண்டுவந்தேன். வகுப்பு செத்த வீடு மாதிரி இருந்தது, அதற்காக. அன்று அவற்றைப் பையோடு வைத்திருந்து, செவ்வாய்க்கிழமை காலையில் தொட்டியில் விட்டோம்.

தொட்டியை நிரப்பியது தனம்தான். நான் அவளைக் கேட்கவில்லை. அவளே வந்து நின்றாள்.

“வியாழக்கிழமைதானே டீச்சர் போறோம். எங்கப்பா கொன்னதுக்கு நான் நெறப்பிக் குடுத்துட்டுப் போறேன்.”

அப்பாவோடு அவள் பேசுவதில்லை என்று மற்ற பிள்ளைகள் சொன்னார்கள். அவர் சோற்றுக்கு உட்கார்ந்தால் இவள் எழுந்துவிடுகிறாளாம்.

ஆற்றை இனி நம்ப முடியாது என்று நான் மழைத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுக்கச் சொன்னேன். அதே வாளியைக் கழுவிக் கொண்டுவந்திருந்தாள். மொண்டு ஊற்றினாள். இடைவேளைக்கு மணி அடிப்பதற்குள் பத்துக் குஞ்சும் மேலே வந்து வாயைப் பிளந்தன. அதே சிவந்த செவுள்.

தனத்தைத் தவிர மற்றப் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு அந்த வாளிக்குள் தலையை விட்டேன். மரத்த மூக்குதான். ஆனாலும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மருந்து.

“தனம், இதை எப்படிம்மா கழுவின?”

“ஸ்டோர் வாளி மாதிரித்தான் டீச்சர். மண்ணு போட்டுத் தேச்சு, கடைசியா மருந்துத் தண்ணியில அலசி, தொடைக்காம கவுத்து வெச்சேன். தொடைச்சா பால் கட்டிக்கும்னு அம்மா சொல்லும்.”

மழைக்காலத்தில் தோட்டத்தில் சுத்தமான வாளி என்றால் அதுதான். பத்து வயசுப் பிள்ளைக்கே தெரிந்த விஷயம். சளி டீச்சருக்குத்தான் தெரியவில்லை. நான் என்ன சொன்னேனோ அதை அந்தப் பிள்ளை அப்படியே செய்திருக்கிறாள்.

“இது மழைத் தண்ணிதானே டீச்சர்? ஏன் சாவுது?”

“பஸ்ல வந்த அலுப்பும்மா” என்றேன்.

ஆபீசு வாசலில்

புதன்கிழமை பள்ளி விட்டதும் தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். வழியெல்லாம் வாக்கியத்தை ஒத்திகை பார்த்தேன். மீன் செத்தது வாளியால், தவறு என்னுடையது, கோவிந்தனை வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றே விஷயம்.

வராந்தாவில் கோவிந்தன் நின்றார். பலகைக் கதவின் பூட்டுச் சாவியை ஒப்படைக்க வந்திருந்தார். வழியை மறித்திருந்த தன் சைக்கிளை எனக்காக நகர்த்தி வைத்தார்.

“வாங்க டீச்சர்.”

நான் தலையசைத்தேன்.

“நான் தெறக்கல டீச்சர். குடிக்கிறவந்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா தெறக்கல. நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க. தெறந்திருந்தா சுங்கை மூணு நாளு வெள்ளையா ஓடியிருக்கும்ல? அன்னிக்கு வெள்ளையாவா இருந்திச்சு?”

குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

“பார்ப்போம் அண்ணே” என்றேன்.

“இந்தத் தொரை, கிராணி, இவங்க என்ன நெனச்சா என்ன டீச்சர். எம்மவ மூஞ்சக் குடுத்துப் பேச மாட்டேங்குது. அதுகிட்ட மட்டும் நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா நம்பும்.”

உள்ளே போனேன். கிராணி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்ன வேணும் டீச்சர் என்று கேட்டார். அவர் மேசையில் கடிதக் கட்டு. அதில் என்னைப் பற்றிய கடிதமும் இருக்கலாம் என்று தோன்றியது. மேற்பார்வையாளர் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது. இப்போது போய் நான் பொய் சொன்னேன் என்றால் அவர் என்ன எழுதுவார்? தகப்பனில்லாத வீட்டில் என் சம்பளத்தை நம்பி மூன்று பேர்.

“பள்ளிக்கூடச் சுவர் ரொம்ப அழுக்கா இருக்கு. கொஞ்சம் சுண்ணாம்பு கிடைக்குமான்னு கேட்க வந்தேன்” என்றேன்.

அவர் தாராளமாக இரண்டு மூட்டை எழுதிக் கொடுத்தார். அந்த மாதமே பள்ளிக்கூடம் வெள்ளை வெளேர் என்று ஆனது. அடுத்த மாதம் என்னை நிரந்தரமாக்கிக் கடிதம் வந்தது.

வியாழக்கிழமை காலையில் லோரி பள்ளியைத் தாண்டிப் போனபோது நான் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சாமான்களுக்கு நடுவே தனம் உட்கார்ந்திருந்தாள். கை ஆட்டினாள். அவள் அப்பா முன்னால் டிரைவர் பக்கத்தில் இருந்தார். தனத்திடம் நான் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் வகுப்பில் மீன் வளர்த்ததில்லை. தொட்டியில் மண் நிரப்பி மணிப்பிளாண்ட் வைத்தேன்.

குனோங் ராபாட்டில் ஒரு காலை

வருஷங்கள் ஓடின. கல்யாணமாகி ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் வீடு வாங்கிக் குடிவந்தோம். எண்பதுகளின் நடுப்பகுதி தாண்டியிருக்கும். பள்ளி விடுமுறையில் ஒரு காலை மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது, தொழிற்சாலைப் பஸ்ஸுக்காக நின்ற பெண்களில் ஒருத்தி கூட்டத்தை விட்டு ஓடி வந்தாள். நீலச் சீருடை. கழுத்தில் அட்டை.

“டீச்சர். நான் தனம், டீச்சர். லம்பாம் தனம்.”

 பஸ் வர இன்னும் நேரம் இருக்கு, வாங்க டீச்சர் என்று பக்கத்துக் கடையில் உட்கார வைத்து அவளே கோப்பி சொன்னாள். கோப்பி வந்தது. நான் குடிக்கவில்லை.

தோட்டத்தை விட்டுச் சிம்பாங் பூலாய்ப் பக்கம் வந்தார்களாம். அப்பாவுக்குக் கல்லு மலையில் கல் உடைக்கிற வேலை. தூசி. இருமல்.

“போன வருஷம் தவறிட்டாரு டீச்சர்.”

“அப்பாவோட பேசினியாம்மா?” என்று கேட்டேன். வேறு எதையும் கேட்கத் தெரியவில்லை.

“எங்க டீச்சர். குடிச்சா அதே பாட்டுத்தான். நான் தெறக்கல தனம், நான் தெறக்கல தனம்னு. நான் எந்திரிச்சு வெளிய போயிருவேன். ஆஸ்பத்திரியில மூச்சு வாங்குறப்பகூட அதத்தான் சொன்னாரு. சரிப்பா, வுடுப்பான்னேன். நம்புறேன்னு மட்டும் சொல்லல. பொய் சொல்ல வாய் வரல டீச்சர்.”

அப்போதுதான் சொன்னேன். அப்பா திறக்கவில்லை தனம், அது வாளி. வாளியில் இருந்த மருந்து. கழுவச் சொன்னது நான். சேர்த்துச் சொல்ல வரவில்லை, துண்டு துண்டாகத்தான் வந்தது.

அவள் கோப்பியைக் கீழே வைத்தாள். 

“அப்ப ரெண்டாவது தடவ விட்ட பத்தும்?”

“அதுவும்தான்.”

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். படித்த பிள்ளை. கணக்கில் எப்போதும் முதல் மார்க்கு.

“உங்களுக்கு எப்பத் தெரியும் டீச்சர்? நாங்க போறதுக்கு முன்னயா, அப்புறமா?”

“அப்புறம்தான்மா. ஒரு வருஷம் கழிச்சு. அன்னைக்குப் பஸ் அலுப்புன்னுதான் நானும் நினைச்சேன்.”

அவள் மூச்சை விட்டாள். நம்பிவிட்டாள். பெற்றவனை நம்பாத பிள்ளை என்னை நம்பியது.

“அப்ப நீங்க என்ன டீச்சர் பண்ணுவீங்க. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பீங்க. எனக்குத் தெரியாதா உங்கள?” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். “மனசுல போட்டுக் கொழப்பிக்காதீங்க லா.”

பஸ் வந்தது. ஓடிப் போய் ஏறினாள். அதன்பிறகு அந்த நிறுத்தத்துக்குப் பக்கத்தில்கூட நான் போகவில்லை. மார்க்கெட்டுக்கு வேறு வழியாகச் சுற்றிப் போனேன். சில வருஷம் கழித்து விசாரித்தபோது அந்தத் தொழிற்சாலைப் பெண்கள் யாருக்கும் அவள் போன இடம் தெரியவில்லை.

தனம், முன்னாலேயே தெரியும். செவ்வாய்க்கிழமை இடைவேளையில் தெரியும். நீங்கள் வியாழக்கிழமை போனீர்கள். நடுவில் புதன்கிழமை முழுக்க இருந்தது.